கதவைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். "பெயர் போடாதீர்கள்" என்று தொடங்கி, மூன்றாவது பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருகிறவை. எனக்கு இது புதிதில்லை. ஓ.பி.யில் தூக்கமில்லை, தலைபாரம், நெஞ்சு படபடப்பு என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, சீட்டையும் வாங்கிக்கொண்டு எழுந்து போய், கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பி "டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்..." என்பவர்கள் ஏராளம். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். இந்த இதழில் அப்படிக் கூச்சப்பட்டுக் கேட்கிற பாலியல் கேள்விகள் மட்டும்.

நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. மனநலப் பாடத்தில் 'சைக்கோசெக்ஷுவல் டிஸ்ஆர்டர்ஸ்' (உளப்பாலியல் கோளாறுகள்) என்று ஒரு பாடம். எஃப் 52, எஃப் 64, எஃப் 65, எஃப் 66 என்று நான்கு பிரிவுகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பெயரே வழக்கில் இல்லை, பிரிவுகளும் மாறிவிட்டன என்கிறார் எங்கள் சீனியர். எது சரி? ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?
— மாணவி, மதுரை

சீனியர் சொல்வது சரி. ஆனால் உங்கள் பாடத்திட்டம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பை வைத்திருந்தால் தேர்வில் அதையே எழுதுங்கள், மார்க் முக்கியம். வார்டுக்குப் போகும்போது மட்டும் அந்தப் பட்டியலைத் தலையில் சுமந்துகொண்டு போகாதீர்கள்.

நீங்கள் படித்த பெயர் 1980-இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடான டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பின் அத்தியாயத் தலைப்பு. அதற்குள் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். ஆசை வராதது, விறைப்பு வராதது, விந்து முந்துவது, வலி என்று உறவில் வரும் கோளாறுகள் ஒரு பக்கம். பிறப்பில் குறித்த பாலும் தான் உணரும் பாலும் ஒத்துப்போகாதவர்கள் இன்னொரு பக்கம். எதன்மேல் ஈர்ப்பு வருகிறது என்பதில் வழக்கத்துக்கு மாறானவை மூன்றாவது. நான்காவதாக, தன்பாலீர்ப்பு இருந்து அதனால் மன உளைச்சலும் இருந்தால் அதற்கென்று ஒரு நோய்ப்பெயர். மளிகைக் கடையில் சோப்பையும் சர்க்கரையையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய மாதிரி. முதலாவது உடல் இயங்குவது பற்றியது, இரண்டாவது 'நான் யார்' என்பது பற்றியது, மூன்றாவது 'எனக்கு எது பிடிக்கும்' என்பது பற்றியது. எல்லாம் இடுப்புக்குக் கீழே சம்பந்தப்பட்ட சமாசாரம் என்று யாரோ நினைத்ததைத் தவிர, இவற்றுக்குள் பெரிய ஒற்றுமை எதுவும் கிடையாது.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். 1886-இல் ஆஸ்திரியாவில் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் பாலியல் விநோதங்களைத் தொகுத்து ஒரு நூல் போட்டார், மருத்துவர்களுக்கு மட்டுமல்ல, வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சேர்த்து. அதாவது வகைப்படுத்தும் வேலை ஆஸ்பத்திரியில் ஒரு காலும் கோர்ட்டில் ஒரு காலுமாகத்தான் தொடங்கியது. பாவம், குற்றம், நோய் மூன்றும் அப்போது ஒட்டிக்கொண்டவைதான், பிரித்தெடுக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1952-இல் வந்த முதல் டி.எஸ்.எம்.மில் தன்பாலீர்ப்பு ஆளுமைக் கோளாறுகளோடு சேர்ந்து கிடந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதை நீக்கியது. எதிர்த்தவர்கள் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு கேட்டார்கள், 1974-இல் நடந்தது, சுமார் 58 சதவீதம் பேர் நீக்கியது சரி என்றார்கள். "ஓட்டுப் போட்டு நோயை ஒழித்தவர்கள்" என்று இதைக் கேலி செய்கிறவர்கள் இன்றும் உண்டு. நோய் என்று சேர்த்ததும் ஒரு கமிட்டி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்த வேலைதான் என்பது மட்டும் அவர்களுக்கு மறந்துவிடும். அப்புறம் 1987-இல் அந்த 'உளைச்சலோடு கூடிய' மிச்சமும் போயிற்று. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன் பட்டியலிலிருந்து எடுத்தது.

இப்போது நிலவரம் இதுதான். 2013-இல் வந்த டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு பொட்டலத்தைப் பிரித்து மூன்று தனி அத்தியாயங்களாக்கிவிட்டது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. உறவில் வரும் கோளாறுகளையும் பால் அடையாளம் சார்ந்த நிலையையும் மனநோய் அத்தியாயத்திலிருந்தே தூக்கி, 'பாலியல் நலம் சார்ந்த நிலைகள்' என்ற புது அத்தியாயத்தில் வைத்துவிட்டார்கள். திருநங்கை, திருநம்பியாக இருப்பது மனநோய் இல்லை. ஆனால் ஹார்மோன், அறுவை சிகிச்சை என்று மருத்துவத்தைத் தேடி வருகிறவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு குறியீடு வேண்டும், அதனால் பட்டியலில் இடம் மட்டும் இருக்கிறது. பாராஃபிலியா எனப்படும் ஈர்ப்புக் கோளாறுகள் மட்டும் மனநல அத்தியாயத்தில் தங்கிவிட்டன. பாலீர்ப்பு சார்ந்த உளைச்சலுக்கென்று இருந்த, நீங்கள் மனப்பாடம் செய்த எஃப் 66? அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த மாற்றம் இன்னொன்று. உறவில் வரும் கோளாறுகளுக்கான பழைய எஃப் 52-இன் தலைப்பிலேயே 'உடல் நோயால் வராத' என்று ஒரு நிபந்தனை இருந்தது. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு விறைப்பு குறைகிறது, ஒருமுறை தோற்கிறார், அடுத்த முறை பயத்திலேயே தோற்கிறார். இது உடம்பா மனசா? கோடு எங்கே போடுவீர்கள்? புதுப் பதிப்பு அந்தக் கோட்டை அழித்துவிட்டது, காரணங்களைப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும் என்கிறது. அதைவிட இரண்டு கேள்விகள் நோயாளி எதிரே உட்காரும்போது நிஜமாகவே உதவும். ஆரம்பத்திலிருந்தே இப்படியா, நடுவில் வந்ததா? எல்லா நேரமுமா, சில சூழலில் மட்டுமா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி வழி தெரிந்துவிடும். அடுத்த கடிதத்தையே பாருங்கள்.

வயது 27. பனியன் கம்பெனியில் வேலை. மூன்று மாதத்தில் கல்யாணம். பதினைந்து வயதிலிருந்து கைப்பழக்கம் இருந்தது. சிறுநீரோடு தாது போகிறது, உடம்பு மெலிந்துவிட்டது, நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது. லாட்ஜுக்கு மாதம் ஒருமுறை வரும் வைத்தியர் நாடி பார்த்து, 'இளமையில் செய்த தவறு' என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். இதுவரை 18,000 ரூபாய்க்குப் பொடியும் லேகியமும் வாங்கிவிட்டேன். நிற்கவில்லை. கல்யாணத்தை நிறுத்திவிடவா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

நிறுத்த வேண்டியது லேகியத்தை.

முகத்தைப் பார்த்தே சொன்னாராம். தம்பி, அந்த லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் எந்த இளைஞனைப் பார்த்து "சின்ன வயசுல தப்புப் பண்ணியிருக்கே" என்றாலும் அவன் தலை குனிவான், ஏனென்றால் சுய இன்பம் ஏறக்குறைய எல்லோரும் செய்வது. இதற்கு நாடி எதற்கு?

உங்களுக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, நீங்கள் பயப்படுகிற பெயர் இல்லை. 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960-இல் என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் வைத்தது. விந்து வீணாகிறது, அதனால் உடம்பு கரைகிறது என்ற பயத்தில் அசதி, தூக்கமின்மை, பசியின்மை, பதற்றம் எல்லாம் வரும் நிலை. பெயரே 'தாது' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். சித்த மருத்துவத்தில் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று ஏழு உடற்கட்டுகள் சொல்வார்கள் இல்லையா, அதில் கடைசியாகத் தேறி வருவது சுக்கிலம் என்பதால் அது விலைமதிப்பற்றது, ஒரு சொட்டுக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்கெல்லாம் ஊரில் கிளம்பிவிட்டது. நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம், 18-ஆம் நூற்றாண்டில் டிஸ்ஸோ என்ற சுவிஸ் மருத்துவர் இதையே சொல்லி ஐரோப்பா முழுக்க இரண்டு தலைமுறைக்குப் பயம் காட்டினார்.

உண்மையில் விந்து என்பது பெரும்பாலும் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூனுக்குள்தான். உயிரணு அதில் மிகச் சிறு பங்கு, அதை விந்தகம் நாள் தவறாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. சேர்த்து வைக்க அது சேமிப்புக் கணக்கு இல்லை, வராவிட்டால் தூக்கத்தில் தானே வெளியேறும். காலையில் சிறுநீர் கலங்கலாகப் போனால் பெரும்பாலும் அதில் இருப்பது உப்பு. எரிச்சலோ சீழோ இருந்தால் மட்டும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, செலவு அதிகமில்லை. மெலிந்ததற்கு ஒருமுறை சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் குழாயும் மின்சாரமும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் முதலிரவில் வராமல் போனால் அது பயம். 1960-களில் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் ஆய்வுக்கூடத்திலேயே இதையெல்லாம் அளந்து பார்த்தவர்கள், அவர்கள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ஓ.பி.யில் தினமும் உதவுகிறது: பயப்படுகிறவன் கட்டிலில் இருப்பதில்லை, கட்டிலுக்கு மேலே ஃபேனில் உட்கார்ந்து தனக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறான் (ஃபேன் மட்டும் என் சேர்க்கை). கல்யாணம் ஆன முதல் வாரம் உறவே வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பேசுங்கள், தொடுங்கள், தூங்குங்கள். தேர்வே இல்லை என்றால் ஃபெயிலும் இல்லை.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறதா? இருக்காது. ஆண்மைக்குறைவு, விந்து முந்துதல் இவற்றையெல்லாம் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் வந்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது, நள்ளிரவு டி.வி.யைப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

எங்களுக்குக் கல்யாணமாகி 14 மாதம். இன்னும் உறவு நடக்கவில்லை. அவர் நெருங்கினாலே என் தொடை இறுகிக்கொள்கிறது, உள்ளே சுவர் வைத்த மாதிரி இருக்கிறது. அவர் பொறுமையானவர்தான். மாமியார் 'விசேஷம் இல்லையா' என்று கேட்கிறார். ஒரு டாக்டரம்மா பரிசோதிக்கும்போது நான் கத்திவிட்டேன், 'இப்படிப் பயந்தா எப்படிம்மா குடும்பம் நடத்துவே' என்று திட்டி அனுப்பிவிட்டார்.
— வாசகி, நாமக்கல் மாவட்டம்

திட்டியது தவறு. கண்ணுக்கு அருகே விரல் வந்தால் இமை மூடுகிறதே, அதைத் திட்டி நிறுத்த முடியுமா? உங்கள் இடுப்புத் தளத் தசைகள் அதே மாதிரி நீங்கள் சொல்லாமலே மூடிக்கொள்கின்றன. வஜைனிஸ்மஸ் என்று பழைய பெயர். இதையும் உறவின்போது வரும் வலியையும் முன்பு தனித்தனி நோயாக எழுதுவார்கள். வலிக்குப் பயந்து இறுகும், இறுகுவதால் வலிக்கும், எது முதல் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் டி.எஸ்.எம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் கோளாறு என்று எழுதுவோம், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இதை எழுதுவது பயமுறுத்த இல்லை, பாலியல் கோளாறுகளில் சிகிச்சைக்கு நன்றாக மசிகிறது இதுதான்.

என்ன செய்வோம்? முதல் நாளே படுக்க வைத்துப் பரிசோதிக்க மாட்டோம். படம் போட்டு விளக்குவோம், ஏனென்றால் அந்த இடம் எப்படி இருக்கும் என்றே பலருக்கு யாரும் சொன்னதில்லை. கன்னித்திரை கிழியும், ரத்தம் கொட்டும் என்று கல்யாணத்துக்கு முதல்நாள் சித்தி சொன்ன கதைதான் மனதில் இருக்கும். அப்புறம் வீட்டில், கதவைத் தாழிட்டு, ஒரு கைக்கண்ணாடி. சிறுநீரை நடுவில் அடக்குகிற மாதிரி அந்தத் தசையை இறுக்கி, மெதுவாக விடப் பழகுவது (பழக வேண்டியது இறுக்குவது இல்லை, விடுவது). பிறகு உங்கள் சுண்டு விரல் நுனி, நிறைய ஜெல் தடவி. சில நாள் கழித்து முழு விரல், அப்புறம் டைலேட்டர் என்று சிறிதிலிருந்து பெரிதாகச் செட்டாகக் கிடைக்கும் மென்மையான குச்சிகள். எல்லாம் உங்கள் கையில், உங்கள் வேகத்தில். வலித்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்தம். அந்தக் காலம் முழுக்க உறவுக்கு முயற்சி கிடையாது, இதை அவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவோம். பல வாரம் ஆகும், சிலருக்குச் சில மாதம்.

'உள்ளே சின்னதாக வெட்டிவிட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் இன்னொரு கருத்துக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பு எப்போதாவது யாராவது தவறாக நடந்திருந்தால் அதைச் சொல்ல இடம் வேண்டும், அதற்காகவும் நிதானமாகப் பேசுகிற ஒரு டாக்டரைத் தேடுங்கள். மாமியாருக்கு, "டாக்டர் பார்த்துட்டு இருக்காங்க அத்தை" போதும். பொய்யும் இல்லை.

இரண்டு குழந்தைகள், கடைக்குட்டிக்கு ஒன்பது மாதம். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பதினொன்று. எனக்கு ஆசையே வருவதில்லை. 'உனக்கு ஏதோ வியாதி, டாக்டரைப் பார்' என்கிறார் கணவர்.
— வாசகி, சேலம்

ஆசைக்குறைவை நோய் என்று எழுத, அது உங்களுக்கு வேதனை தர வேண்டும், அவருக்கு அல்ல. பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் நிலை மாறுவதால் ஆசை குறைவதும், அந்த இடம் வறண்டு வலிப்பதும் சகஜம். தைராய்டு, ரத்தசோகை பார்க்கலாம். பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்து அழுகை வருகிறதா என்றும் கவனியுங்கள். இதெல்லாம் இல்லையென்றால் நாலரை மணிக்கு எழுகிற வேலையை ஒரு மாதம் கணவர் பார்க்கட்டும். கிண்டல் இல்லை, மருந்தே அதுதான்.

என் மகன் (22) தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்கிறான். எங்கள் ஊரில் ஒருவர் ஹார்மோன் ஊசி போட்டு, மனவசியம் செய்து மாற்றிவிடலாம் என்கிறார். கூட்டிப் போகலாமா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

வேண்டாம் அம்மா. மேலே மாணவிக்கு எழுதியதைப் படியுங்கள், இது நோயே இல்லை, மாற்றவும் முடியாது. மாற்ற முயன்றால் பையன் உடைந்துபோவான். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் இப்படி 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார், அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. அந்த நீதிபதி, இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நீங்களும் அப்படி ஒருமுறை வரலாம், மகனுக்காக இல்லை, உங்களுக்காக. அவன் உங்களிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறான், அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்குப் பெண்களின் செருப்பைப் பார்த்தால் கிளர்ச்சி வருகிறது. மனைவிக்குத் தெரியும், அவருக்கு ஆட்சேபம் இல்லை, சிரிப்பார். கூகுளில் 'ஃபெட்டிஷ், மனநோய்' என்று இருக்கிறது. நான் மனநோயாளியா?
— வாசகர், கோவை

இல்லை. பாராஃபிலியா வேறு, பாராஃபிலியா கோளாறு வேறு, 2013-இல் டி.எஸ்.எம். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. விநோதமான ஈர்ப்பு இருப்பது ஒன்று. அதனால் நீங்கள் தவித்தால், பிழைப்பு கெட்டால், அல்லது சம்மதிக்காத இன்னொருவர் பாதிக்கப்பட்டால் அது வேறொன்று. ஐ.சி.டி. புதுப்பதிப்பில் ஃபெட்டிஷ் என்ற தலைப்பே தனியாக இல்லை. அங்கே பெயர் சொல்லி இருப்பவை எவை தெரியுமா? ஒளிந்து பார்ப்பது, பொது இடத்தில் காட்டுவது, பஸ் நெரிசலில் உரசுவது, துன்புறுத்தி இன்பம் காண்பது, குழந்தைகள்மேல் ஈர்ப்பு. எல்லாவற்றிலும் மறுபக்கத்தில் சம்மதிக்காத அல்லது சம்மதிக்கவே முடியாத ஒருவர் இருக்கிறார். கோயில் வாசலில் அடுத்தவர் செருப்பைத் தூக்காதவரை உங்களுக்கு என்னிடம் வேலையில்லை.

அந்தப் பட்டியலில் இருக்கிற ஏதோ ஒன்று தனக்கு இருப்பதாகவும், இதுவரை எதுவும் செய்யவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது என்றும் இன்னொருவர் பெயரில்லாமல் எழுதியிருக்கிறார். அவருக்கு: செய்வதற்கு முன்பே வந்துவிடுங்கள். மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு.

தினமும் ஆபாசப் படம் பார்க்கிறேன். நான் அடிமையா?
— கல்லூரி மாணவர், திருச்சி

எவ்வளவு நேரம் என்பது அளவுகோல் இல்லை. நிறுத்த முயன்று முயன்று தோற்று, படிப்பும் தூக்கமும் நட்பும் கெட்டு, இன்பமே இல்லாமல் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தால், ஆறு மாதமோ அதற்கு மேலோ அப்படி நீடித்தால், கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்று ஐ.சி.டி. பதினொன்றில் ஒரு பெயர் உண்டு. அதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: 'இது பாவம்' என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் இந்தப் பெயரை வைக்கக் கூடாது. எது உங்களுடையது என்று நீங்களே பாருங்கள். முதலாவது என்றால் வாருங்கள்.

வயது 54. பத்து வருஷமாகச் சர்க்கரை, போன வருஷம் ஸ்டென்ட். இரண்டு வருஷமாக விறைப்பு வருவதில்லை. மருந்துக்கடையில் நீல மாத்திரை தருகிறார்கள், போடலாமா? டாக்டரிடம் கேட்டால் சீட்டில் எழுதிவிடுவாரோ, மகள் பார்ப்பாளோ என்று கூச்சம்.
— வாசகர், விழுப்புரம்

கடையில் வாங்கிப் போடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ வேறு நைட்ரேட் மாத்திரையோ நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், அதோடு சில்டெனாஃபில் (நீங்கள் சொல்லும் நீல மாத்திரை) சேரும்போது ரத்த அழுத்தம் படாரென்று விழும். ஸ்டென்ட் வைத்த இதய டாக்டரிடமே நேராகக் கேளுங்கள், இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு நாலு பேராவது அவரிடம் கேட்டிருப்பார்கள். உங்கள் பி.பி. மாத்திரையில் ஏதாவது காரணமா என்றும் அவரே பார்ப்பார். நைட்ரேட் இல்லையென்றால், மாடியேற முடிகிறதென்றால், சரியான அளவில் அதே மாத்திரையை அவரே எழுதித் தரக்கூடும்.

சீட்டு விஷயம். 2017 மனநலச் சட்டம் உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமையை மனநல மருத்துவர்கள்மேல் எழுத்தில் வைத்திருக்கிறது, மற்ற மருத்துவர்களுக்கும் தொழில் விதியே அதுதான், மகளிடமும் சொல்லக் கூடாது. மாத்திரை பெயரைத் தனிச் சீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவார்கள். நேரில் போகக் கூச்சமாக இருப்பவர்கள் முதலில் 14416-க்குப் போன் செய்யலாம், அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். நேரில் போவதென்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு காலையில் திறந்திருக்கும். உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள், கதவுவரை போகாமல்.